பெங்களூருவா, சென்னையா? வாழ்க்கைத் தரத்தில் எந்த நகரம் எதில் முன்னிலை - ஒரு விரிவான ஒப்பீடு

பெங்களூரு: பணி மாற்றம், பிள்ளைகளின் கல்வி, ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை எனப் பல காரணங்களுக்காகச் சென்னை, பெங்களூரு ஆகிய இரு மாநகரங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஏற்படுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 350 கி.மீ. மட்டுமே. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சென்னைப் பெருநகரத் தொகுதியில் சுமார் 86.5 லட்சம் பேரும், பெங்களூரு பெருநகரத் தொகுதியில் சுமார் 85.2 லட்சம் பேரும் வசித்தனர். மக்கள்தொகையில் ஏறக்குறையச் சமமாக இருந்த இந்த நகரங்கள் நீர், போக்குவரத்து, தட்பவெப்பம், வருவாய், அரசு நலத்திட்டங்கள் ஆகியவற்றில் பெரிதும் வேறுபடுகின்றன.

எது சிறந்த நகரம் என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. யாருக்கு, நகரின் எந்தப் பகுதியில், என்ன வருவாயில் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. அரசின் தரவரிசையே அதை உணர்த்துகிறது.

தரவரிசைகள் கூறுவது என்ன?

மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம், 'எளிதான வாழ்க்கைக் குறியீடு 2020' அறிக்கையை 2021 மார்ச் 4-ஆம் தேதி வெளியிட்டது. 111 நகரங்கள் இதில் மதிப்பிடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களுள் பெங்களூரு 66.70 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. புனே, அகமதாபாத் ஆகியவை அடுத்த இரு இடங்களைப் பிடித்தன. சென்னை 62.61 புள்ளிகளுடன் நான்காம் இடத்தில் இருந்தது.

இந்த மொத்தப் புள்ளிகள் நான்கு பிரிவுகளின் கூட்டாகும். வாழ்க்கைத் தரத்துக்கு 35 சதவீதம், குடிமக்களின் கருத்துக்கு 30 சதவீதம், நீடித்த நிலைத்தன்மைக்கு 20 சதவீதம், பொருளாதாரத் திறனுக்கு 15 சதவீதம் என மதிப்பு பிரித்தளிக்கப்பட்டது. கல்வி, சுகாதாரம், வீட்டுவசதி, குடிநீர் மற்றும் துப்புரவு, போக்குவரத்து, பாதுகாப்பு, பொழுதுபோக்கு ஆகியவை 'வாழ்க்கைத் தரம்' என்ற பிரிவில் அடங்கும். அந்தப் பிரிவில் முதலிடம் பெற்ற நகரம் பெங்களூரு அன்று, 60.84 புள்ளிகளுடன் சென்னையே முதலிடத்தில் இருந்தது. பொருளாதாரத் திறன் பிரிவில் பெங்களூரு 78.82 புள்ளிகளுடன் நாட்டிலேயே முதலிடம் பெற்றது.

சுருங்கக் கூறின், ஒரே அறிக்கையின்படி, பொருளீட்டும் வாய்ப்பில் பெங்களூருவும், அன்றாட வசதிகளில் சென்னையும் முன்னிலை வகித்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2018-இல் வெளியான முதல் குறியீட்டில் சென்னை 14-ஆம் இடத்திலும் பெங்களூரு 58-ஆம் இடத்திலும் இருந்தன. அளவுகோல்கள் மாறியபோது தரவரிசையும் தலைகீழானது.

பன்னாட்டுப் பட்டியல்களிலும் இதே முரண் காணப்படுகிறது. மெர்சர் நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வாழ்க்கைத் தரப் பட்டியலில் பெங்களூரு 149-ஆம் இடத்தையும் சென்னை 151-ஆம் இடத்தையும் பெற்றன. எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 2023-இல் வெளியிட்ட வாழத்தக்க நகரங்களின் பட்டியலில் சென்னை 144-ஆம் இடத்திலும் பெங்களூரு 148-ஆம் இடத்திலும் இருந்தன. இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அலுவலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும்போது வழங்க வேண்டிய படிகளைக் கணக்கிடப் பயன்படுபவை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஒரே நகரம், வேறு வேறு வாழ்க்கை

நகரத்தின் சராசரி, ஒரு தெருவின் நிலையைக் காட்டாது. இதற்குப் பெங்களூருவின் ஜோகுபாளையம் தக்க எடுத்துக்காட்டு. அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையே அமைந்துள்ள இப்பகுதி பழைய கண்டோன்மென்ட் வட்டாரத்தை ஒட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இங்குப் படைமுகாம் அமைத்தபோது, அதைச் சார்ந்த தொழில்களுக்காகத் தமிழர்கள் பெருமளவில் குடியேறினர். தனித்தனி நிர்வாகமாக இருந்த பெங்களூரு நகரமும் கண்டோன்மென்டும் 1949-இல்தான் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. அல்சூர் ஏரிக்கு அருகில் பெங்களூரு தமிழ்ச் சங்கமும் திருவள்ளுவர் சிலையும் அமைந்துள்ளன. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த அந்தச் சிலை, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது. அதற்கு நான்கு நாள்களுக்குப் பின் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது.

ஜோகுபாளையத்தில் வசிப்போருக்கு அல்சூர், டிரினிட்டி மெட்ரோ நிலையங்கள் அருகிலேயே உள்ளன. 2011 அக்டோபர் 20-ஆம் தேதி பெங்களூருவில் முதன்முதலில் மெட்ரோ ரயில் ஓடிய பையப்பனஹள்ளி - எம்.ஜி. சாலை தடத்தில் அமைந்தவை இவை. 2023 அக்டோபரில் ஊதாத் தடம் முழுமை பெற்றபின், இங்கிருந்து தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த ஒயிட்ஃபீல்டுக்கு வண்டி மாறாமல் செல்ல முடிகிறது. ஆனால், அதே ஊதியத்தில் அதே அலுவலகத்தில் பணிபுரிந்து, மெட்ரோ எட்டாத புறநகரில் குடியிருப்பவரின் நாள் முற்றிலும் வேறானது.

சென்னையிலும் இந்த வேறுபாடு உண்டு. மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ வசிப்பவருக்குப் பள்ளி, மருத்துவமனை, பேருந்து, ரயில் என யாவும் அருகருகே உள்ளன. ஆற்றோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டுக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள், வேலைக்கும் பள்ளிக்கும் நெடுந்தொலைவு பயணிக்க நேர்ந்தது. இரு நகரங்களையும் ஒப்பிடும்போது, மையப் பகுதியை மையப் பகுதியோடும் புறநகரைப் புறநகரோடும் ஒப்பிடுவதே முறையாகும்.

குடிநீர்: இரு நகரங்களின் பொதுக் கவலை

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரு நகருக்குள் பேராறு எதுவும் ஓடவில்லை. சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து காவிரி நீர் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு இறைக்கப்பட்டுக் கொண்டுவரப்படுகிறது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் கர்நாடகத்துக்குக் கூடுதலாக ஒதுக்கப்பட்ட 14.75 டி.எம்.சி. நீரில், 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீர்த் தேவையைக் கருதி வழங்கப்பட்டதாகும்.

2024 கோடையில் இந்நகரம் கடும் குடிநீர்த் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. நகரில் உள்ள சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாகக் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அப்போது தெரிவித்தார். காவிரிக் குழாய் இணைப்பு உள்ள பழைய பகுதிகளைவிட, ஆழ்துளைக் கிணறுகளையும் தண்ணீர் லாரிகளையும் நம்பியிருந்த புறநகர்ப் பகுதிகளே அதிகம் பாதிக்கப்பட்டன. மாநகராட்சியுடன் பின்னர் இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்காக, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீர் வழங்கும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபர் 16-ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது.

சென்னையின் நெருக்கடி இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் சென்னை வந்தடைந்தது. எனினும், பெங்களூருவுக்கு இல்லாத ஒரு மாற்று வழி சென்னைக்கு உண்டு, அது கடல். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறன் கொண்ட மற்றொரு நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் திறன் கொண்ட நிலையத்துக்கான பணிகளும் மேற்கொள்ளப்பட்டன. இதனுடன் கிருஷ்ணா நீர், வீராணம் ஏரி நீர் ஆகியவையும் நகருக்கு வருகின்றன.

நீர் மிகுதியாலும் இரு நகரங்களும் துன்புற்றுள்ளன. 2015 டிசம்பர் பெருவெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னையை முடக்கின. கடலோர நகரமல்லாத பெங்களூருவிலும் 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலை நிறுவனங்களும் வசதி படைத்தோரின் குடியிருப்புகளும் நீரில் மூழ்கின. ஏரிகளும் அவற்றை இணைக்கும் ராஜகால்வாய்களும் ஆக்கிரமிக்கப்பட்டதே முக்கியக் காரணமாகச் சுட்டிக்காட்டப்பட்டது.

போக்குவரத்து: சாலையும் தண்டவாளமும்

டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு போக்குவரத்துக் குறியீட்டின்படி, பெங்களூருவில் 10 கி.மீ. தொலைவைக் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 நொடிகள் ஆயின. உலகின் மிக மெதுவான போக்குவரத்து கொண்ட நகரங்களின் வரிசையில் அது மூன்றாம் இடமாகும். சென்னையில் இதற்கு ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆயின. இரு நகரங்களுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு சாலையில் அல்ல, தண்டவாளத்தில் உள்ளது.

சென்னையில் கடற்கரை - தாம்பரம் இடையே மின்சார ரயில் 1931-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வரை குறைந்த கட்டணத்தில் பயணிக்க இயல்வதால், நகரின் விலையுயர்ந்த பகுதிகளில் வீடெடுக்காமலேயே நகரில் வேலை செய்ய முடிகிறது. பெங்களூருவுக்கான 148 கி.மீ. புறநகர் ரயில் திட்டத்துக்கு 2020-இல்தான் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. 2022 ஜூனில் அடிக்கல் நாட்டப்பட்டது.

மெட்ரோவில் நிலைமை தலைகீழ். 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி மஞ்சள் தடம் திறக்கப்பட்டபோது பெங்களூரு மெட்ரோவின் மொத்த நீளம் 96 கி.மீ. ஆனது. சென்னையில் முதற்கட்டமும் அதன் நீட்டிப்பும் சேர்ந்து 54 கி.மீ. மட்டுமே. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் மதிப்பில் மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் வழங்கியது. மாதவரத்திலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை செல்லும் தடமும் இதில் அடங்கும்.

கட்டணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2025 பிப்ரவரியில் பெங்களூரு மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்போது சென்னையில் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாயாக இருந்தது. விமான நிலையத்தைப் பொறுத்தவரை, சென்னையில் 2016 முதலே மெட்ரோவில் செல்லலாம். 2008-இல் திறக்கப்பட்ட பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம் நகர மையத்திலிருந்து 30 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் இரு மாநிலங்களிலும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளிலும், கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் 'சக்தி' திட்டத்தின் கீழும் இது நடைமுறைக்கு வந்தது. வீட்டு வேலை, தையல், கடைப் பணி எனக் குறைந்த ஊதியத்தில் பணிபுரியும் பெண்களுக்கு மாதச் செலவில் இது கணிசமான சேமிப்பாகும்.

வருவாயும் வீட்டு வாடகையும்

இந்திய அறிவியல் கழகம் (1909), ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (1940), பாரத் எலக்ட்ரானிக்ஸ் (1954) எனத் தொடங்கிய பெங்களூருவின் வளர்ச்சி, 1980-களுக்குப் பின் மென்பொருள் துறையால் பன்மடங்கானது. மென்பொருள், புத்தொழில், ஆராய்ச்சிப் பணிகளில் இந்நகரின் ஊதிய வாய்ப்பு அதிகம். சென்னையின் பலம் அதன் பரவலில் உள்ளது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து வாகன, மின்னணு ஆலைகள், துறைமுகம், மருத்துவத் துறை, மென்பொருள் ஆகியவை அங்கு அருகருகே உள்ளன. பொறியியல் பட்டதாரிக்குப் பெங்களூரு அதிக வாய்ப்பளிக்கலாம். தொழிற்பயிற்சி அல்லது பட்டயப் படிப்பு முடித்தவருக்குச் சென்னையின் தொழிற்சாலைப் பகுதிகள் ஏற்றவையாக அமையலாம்.

வாடகை வீட்டுக்கு முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்கும் வழக்கம் இரு நகரங்களிலும் வேரூன்றியது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்கிறது. பெங்களூருவின் பழைய குடியிருப்புகளில் மாத வாடகைக்குப் பதிலாகப் பெருந்தொகையைப் போக்கியமாகக் கொடுத்துக் குடியேறும் முறை பரவலாக உள்ளது. உரிமையாளரின் கடன் நிலுவைகளைச் சரிபார்க்காமல் போக்கியத்துக்குச் செல்வது பெரும் இழப்பில் முடியலாம்.

வீடு வாங்குவோர், சென்னையில் பட்டா, வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி ஆகியவற்றையும், பெங்களூருவில் வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி ஆகியவற்றுடன் காத்தா ஆவணத்தையும் ஆராய வேண்டும். 'ஏ காத்தா' உள்ள சொத்துக்குக் கிடைக்கும் வங்கிக் கடனும் கட்டட அனுமதியும் 'பி காத்தா' சொத்துக்கு எளிதில் கிடைப்பதில்லை.

எல்லை தாண்டினால் மாறும் உரிமைகள்

தரவரிசைப் பட்டியல்களில் இடம்பெறாத, ஆனால் குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானிக்கக்கூடிய அம்சம் இது. நகரம் மாறுவது என்பது இங்கு மாநிலம் மாறுவதும் ஆகும்.

இட ஒதுக்கீடு: ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக அறிவிக்கப்பட்டவர், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கு அந்தச் சலுகையைத் தாமாகவே கோர இயலாது என 1990-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

உயர்கல்வி: கர்நாடகத்தில் தொழிற்கல்வி இடங்களுக்கு மாநில மாணவராகத் தகுதி பெற, பொது விதியின்படி அம்மாநிலத்தில் குறைந்தது ஏழு ஆண்டுகள் பயின்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றது முதன்மையான தகுதியாகக் கொள்ளப்படுகிறது. உயர்நிலைப் பள்ளி ஆண்டுகளில் மாநிலம் மாறும் மாணவர், இரு மாநிலங்களிலும் தகுதியிழக்கும் அபாயம் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் வழங்கப்படும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் அங்கேயே பயின்றோருக்கானது.

மொழி: கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடமும், தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழும் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கப்பட்டன. நடுவில் பள்ளி மாறும் மாணவர் புதிய எழுத்து முறையைத் தொடக்கத்திலிருந்து கற்க நேரிடும்.

உணவுப் பொருள்: தமிழ்நாட்டில் பொது விநியோகத் திட்டம் அனைவருக்குமானது, கர்நாடகத்தில் குடும்ப அட்டையின் வகையைப் பொறுத்தது. 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் வேறு மாநிலத்தில் பொருள் பெறலாம் என்றாலும், சொந்த மாநில அரசு கூடுதலாக வழங்குபவை அங்குக் கிடைப்பதில்லை.

மின்சாரமும் உதவித்தொகையும்: கர்நாடகத்தின் 'கிருஹ ஜோதி' திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை, முந்தைய சராசரிப் பயன்பாட்டுக்கு உட்பட்டு, வாடகைதாரர்களும் கட்டணமில்லா மின்சாரம் பெறலாம். தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமில்லை. குடும்பத் தலைவிகளுக்கு 2023-இல் கர்நாடகம் மாதம் 2,000 ரூபாயும், தமிழ்நாடு தகுதியுடையோருக்கு 1,000 ரூபாயும் வழங்கும் திட்டங்களைத் தொடங்கின.

வாகனம்: ஒரு மாநிலத்தில் பதிவான வாகனம் வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி அங்குப் புதிய பதிவெண் பெற வேண்டும்.

பாதுகாப்பும் நகர நிர்வாகமும்

பெண்களுக்கேற்ற நகரங்கள் குறித்து அவ்தார் நிறுவனம் வெளியிடும் பட்டியலில் 2022, 2023 ஆண்டுகளில் சென்னையும், 2024-இல் பெங்களூருவும் முதலிடம் பெற்றன. இரு நகரங்களும் நாட்டின் பிற மாநகரங்களைவிடத் தொடர்ந்து முன்னிலையில் இருப்பதையே இது காட்டுகிறது.

பெங்களூரு வாழ் தமிழர்களைப் பொறுத்தவரை, 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பிரச்சினையை ஒட்டி நிகழ்ந்த வன்முறைகள் மறக்க முடியாதவை. அதே நேரத்தில், அல்சூர் வட்டாரத்தில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் கன்னடம், தெலுங்கு, உருது பேசும் அண்டை வீட்டாருடன் இணைந்தே வாழ்ந்து வருகின்றன.

குப்பை, தெருவிளக்கு, சாக்கடை ஆகியவற்றுக்கு யாரிடம் முறையிடுவது என்பதும் வாழ்க்கைத் தரத்தின் ஓர் அங்கமாகும். 1688-இல் நிறுவப்பட்ட சென்னை மாநகராட்சி, 2016 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இன்றி இயங்கி, 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் 200 உறுப்பினர்களைப் பெற்றது. பெங்களூருவில் 2015-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10-ஆம் தேதி முடிந்தது. அதன்பின் தேர்தல் நடைபெறாமலேயே, பெருநகர பெங்களூரு ஆட்சிமுறைச் சட்டத்தின் கீழ் 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. ஜோகுபாளையம் போன்ற வார்டுகளில் ஐந்து ஆண்டுகளுக்கு மக்கள் தங்கள் குறைகளை எடுத்துச் செல்ல உறுப்பினர் எவரும் இருக்கவில்லை.

முடிவெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

* பணியிடத்துக்கும் வீட்டுக்கும் இடையே மெட்ரோ அல்லது புறநகர் ரயில் உண்டா? இல்லையெனில் நாள்தோறும் சாலையில் செலவாகும் நேரத்தையும் ஊதியத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

* வீட்டுக்குக் காவிரி அல்லது குடிநீர் வாரிய இணைப்பு உள்ளதா, ஆழ்துளைக் கிணறும் லாரியும் மட்டுமா? கோடைக்காலத்தில் நேரில் சென்று விசாரிப்பது நல்லது.

* முந்தைய மழைக்காலங்களில் அந்தத் தெருவில் நீர் தேங்கியதா?

* பிள்ளைகள் எட்டாம் வகுப்பைக் கடந்துவிட்டார்களா? அவ்வாறாயின் இட ஒதுக்கீடு, மாநில மாணவர் தகுதி ஆகியவை குறித்து முன்கூட்டியே தெளிவு பெற வேண்டும்.

* கூடுதலாகக் கிடைக்கும் ஊதியத்திலிருந்து வாடகை, முன்பணம், பயணம், பள்ளிக் கட்டணம் ஆகியவை போக எஞ்சுவது எவ்வளவு?

* வீட்டில் முதியோர் இருப்பின், பெங்களூருவின் மிதமான தட்பவெப்பம் உடலுக்கு இதமளிக்கலாம். ஆனால், அவர்கள் அறிந்த மொழியில் பேசும் மருத்துவரும் அண்டை வீட்டாரும் அருகில் இருப்பது அதைவிடத் தேவையாகலாம்.

இவற்றுக்கு விடை கிடைத்தபின், மென்பொருள் துறையில் உயர் ஊதியம் பெற்று மெட்ரோ நிலையத்துக்கு அருகில் வீடெடுக்க வசதியுள்ள இளையோருக்குப் பெங்களூரு ஏற்றதாகத் தோன்றக்கூடும். நடுத்தர வருவாயும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ள தமிழ்க் குடும்பத்துக்கு, புறநகர் ரயிலும் கல்வி உரிமைகளும் சேர்ந்து சென்னையை ஏற்றதாக ஆக்கக்கூடும். மூன்று தலைமுறைகளாக அல்சூரிலும் ஜோகுபாளையத்திலும் வாழ்ந்து, கன்னட வழிக் கல்வி பெற்று, கர்நாடகக் குடும்ப அட்டை வைத்திருக்கும் தமிழருக்கோ, சென்னைக்கு இடம்பெயர்வதே உரிமைகளை இழக்கும் செயலாக முடியலாம்.